லிமரிக்கிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு: தென் திருவிதாங்கூரில் ஒரு கலப்பிசையின் தடம்

ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். முதல் இரவு குழித்துறை. களியக்காவிளையில் மாநில எல்லை. அதைத் தாண்டினால் பாறசாலை. மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் தங்கல். அடுத்த நாள் தலைநகரம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன் ஒன்பது நாளும் கச்சேரி நடக்கும். பாடுபவரின் அருகில் வயலின் இருக்கும். அது வெளிநாட்டுக் கருவி என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளைப் பிற நாட்டு இசையோடு சேர்ப்பதைக் 'கெல்டிக் கலப்பிசை' என்கிறார்கள். 1995-இல் உருவான ஆப்ரோ கெல்ட் சவுண்ட் சிஸ்டம், 2006-இல் வான்கூவரில் தோன்றிய டெல்லி டு டப்ளின் போன்ற குழுக்களால் அது புதிய வகை போலத் தோன்றுகிறது. தென்னிந்தியாவில் இந்தக் கலப்புக்கு இருநூறு ஆண்டு வயது. அதில் எது தங்கியது, எது கரைந்தது என்பதைத் தென் திருவிதாங்கூர் எல்லைக் கிராமங்களில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையில் கேட்ட மெட்டு

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அயர்லாந்துக்காரர்கள் மிகுதி. சென்னையின் ஐரோப்பியப் படைப்பிரிவே பின்னாளில், 1881-இல், ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாளமாயிற்று. படை தங்கிய இடத்தில் பாண்டு வாத்தியமும் இருந்தது. கம்பெனியின் துபாஷான மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்துக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் அந்த வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது.

ராமசுவாமியின் மகன்களில் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். தம்பி பாலுசுவாமி வயலின் என்னும் கருவியை எடுத்துக்கொண்டார். முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களைப் பொருத்தினார். 'நோட்டு' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து நோட்டுஸ்வரம் என்ற பெயர் வந்தது. ஏறத்தாழ நாற்பது உருப்படிகள். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை, கமகம் இல்லாதவை. 'வந்தே மீனாக்ஷி' லிமரிக் என்னும் ஐரிஷ் மெட்டில் அமைந்தது; 'ஜகதீச குருகுஹ' லார்ட் மெக்டொனால்டின் ரீல் என்னும் ஸ்காட்டிஷ் நடன மெட்டில் அமைந்தது. சொல்லும் தெய்வமும் நம்முடையவை. நடை மட்டும் அயலூரின் ஆட்டக்களத்திலிருந்து வந்தது.

மெட்டுகளின் கதை அதோடு சுருங்கியது. 1893-இல் சின்னசுவாமி முதலியார் சிலவற்றை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் அச்சிட்டார். 1905-இல் சுப்பராம தீட்சிதர் அவற்றைத் தொடக்கப் பயிற்சி நூலில் சேர்த்தார். அவை பாடசாலைப் பிள்ளைகளின் கைக்குப் போயின. கச்சேரி மேடையின் நடுவிடம் அவற்றுக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன் 'விஸ்மயா' தொகுப்பில் அவற்றை மறுபடி கெல்டிக் இசையின் பக்கத்தில் உட்காரவைத்தபோது, தமிழ்க் கேட்போர் பலருக்கு அது வியப்பாகவே இருந்தது.

தரையில் அமர்ந்த கருவி

கருவியின் பயணம் வேறு திசையில் போயிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களான தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு, வயலினோடு திருவனந்தபுரம் வந்தார். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் அவருக்கு 1834-இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வந்த கருவி வந்தபடியே இருக்கவில்லை. அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞர் அதைத் தோளிலோ மார்பிலோ தாங்குவார். இடக்கை அதைப் பிடித்தும் இருக்கவேண்டும், வாசித்தும் ஆகவேண்டும். நம்மவர் தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலையைக் கால்மீது ஊன்றிக்கொண்டார். தாங்கும் வேலை போனதால் இடக்கை விடுதலை பெற்றது. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கலாம், கமகம் பிறக்கலாம். தந்திகளின் சுருதியும் ஷட்ஜம், பஞ்சமம் என மாறிமாறி அமைந்தது. மெட்டில் இல்லாத கமகத்துக்குக் கருவி இடம் கொடுத்தது. மெட்டு ஓரம் போனதற்கும் கருவி நடுவீட்டுக்கு வந்ததற்கும் காரணம் இதுவே என்பது என் துணிபு.

கோயில் முற்றமும் சபையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக்குக் கலப்பு புதிதல்ல. இங்கே வயலின் வில்லுக்கு வெகு முன்பே இன்னொரு வில் இருந்தது. மணிகள் கட்டிய வில்லை வீசுகோலால் தட்டி, குடமும் உடுக்கையும் தாளமும் சேர, புலவர் கதை பாடுவது வில்லுப்பாட்டு. தமிழும் மலையாளமும் விரவிய இரவிக்குட்டிப் பிள்ளை கதையும் இந்த வட்டாரத்தின் கதைப்பாடல் மரபைச் சேர்ந்தது. மொழிகளையே கலந்து பாடிப் பழகிய காதுக்கு அயல் மெட்டு அதிர்ச்சி தந்திருக்காது.

மேற்கத்திய மெட்டு இக்கிராமங்களுக்குள் நுழைந்த வாசல் அரண்மனை அன்று. லண்டன் மிஷன் சங்கத்தின் சபைகள். திருவிதாங்கூரில் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் கர்னல் ஜான் மன்றோ அச்சங்கத்துக்கு ஆதரவளித்தார். நாகர்கோவிலில் வேரூன்றிய சங்கம் பாறசாலையிலும் நிலையம் அமைத்தது. ஆங்கிலப் பாமாலை மெட்டுகள் பள்ளியிலும் ஆராதனையிலும் ஒலித்தன. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் இரு கரையிலும் கால் வைத்தவர். ஒருபுறம் ஆங்கிலப் பாடல்களை மெட்டு மாறாமல் மலையாளமாக்கினார். மறுபுறம் கர்நாடக ராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். கோட்டை வழியாக வந்த மெட்டு ஒதுங்கிக் கருவி நிலைத்தது. சபை வழியாக வந்த மெட்டோ கூட்டமாகப் பாடும் மக்களின் வாயில் நிலைத்தது. ஒரே பொருள் எந்தக் கையில் விழுகிறதோ அதற்கேற்ப வாழ்கிறது.

எது அயல்?

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு பாட்டைப் பிரிக்கவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து கர்நாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனின் குரல் தமிழ் மேடைகளுக்கு வந்தது. 2004-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றார்.

1924-இல் பாறசாலையில் பிறந்த பாடகி பொன்னம்மாள், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. ஆயினும் நவராத்திரி மண்டபத்தில் பாடும் உரிமை அப்போது பெண்களுக்கு இருக்கவில்லை. 2006-இல்தான் அவர் அங்கே பாடினார். அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

கடல் கடந்து வந்த வயலினுக்கு 1830-களிலேயே அரசவையில் தந்தத்தால் மரியாதை. சரஸ்வதி ஆண்டுதோறும் கடந்துபோகும் சாலையோர ஊரில் பிறந்த பெண்குரலுக்கு அவள் முன் அமர 2006 வரை காத்திருப்பு. அயல் எது, உள்ளூர் எது என்பதைத் தொலைவு தீர்மானிப்பதில்லை. கலப்பிசையின் வரலாற்றை எழுதுகிறவர் எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கணக்கெடுப்பதோடு, யாருக்கு எந்தக் கதவு எப்போது திறந்தது என்றும் கேட்கவேண்டும்.