பழைய மென்பொருளும் மெய்நிகர்ப் பொறியும்: நினைவகப் பொருத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் நன்கறிந்த நெறியொன்று உண்டு. பொருள் விளங்காதவிடத்துப் பாடத்தைத் திருத்துதற்கு முன்னர், அப்பாடம் எழுந்த காலத்து வழக்கினை ஆராய்தல் வேண்டும் என்பதே அது. கணிப்பொறித் துறையிலும் இதனையொத்த வினா எழுந்தது. பழைய மென்பொருளொன்று புதிய பொறியில் இயங்காதாயின், திருத்தற்குரியது மென்பொருளா, அன்றி அஃது இயங்கும் சூழலா? இவ்வினாவிற்கு மெய்நிகர்ப் பொறி விடையாக அமைந்த வரலாற்றை, நினைவகம் ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மெய்நிகர்ப் பொறியாவது, மென்பொருளால் அமைக்கப்பெற்று, தன்னுள் இயங்கும் நிரலுக்குத் தனி நினைவகமும் செயலியும் உடைய முழுக் கணிப்பொறியாகவே தோன்றுவது. இது பழைய மென்பொருளைக் காத்தற்பொருட்டுப் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சைச் சார்ந்த கேம்பிரிட்சில், ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையம் 1964இல் தொடங்கி 1967 சனவரியில் இயக்கிய சி.பி.-40 என்னும் அமைப்பு, ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்துதற்கு எழுந்தது. அதில் 14 மெய்நிகர்ப் பொறிகள் வரை ஒருங்கே இயங்கின. ஒவ்வொன்றும் 256 கிலோபைட் நினைவகம் தனக்கே உரியதெனக் கருதியது. 1972இல் அந்நிறுவனம் வெளியிட்ட வி.எம்./370, பழைய இயக்கமுறைமையையும் புதியதனையும் ஒரே பொறியில் அருகருகே இயக்க வழி செய்தது. பழமையைக் காக்கும் பயன் இவ்வாறு தெளிவாகப் புலப்பட்டது.

இனி, மேசைக் கணிப்பொறிகளை நோக்குவோம். 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 செயலி 20 பிட் முகவரி உடையது. ஆதலின் 10,48,576 பைட்டுகளையே அது சுட்டவல்லது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியில், அவ்வெல்லையுள் 640 கிலோபைட் நிரல்களுக்கும், எஞ்சிய 384 கிலோபைட் திரை முதலிய உறுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டன. டாஸ் நிரல்கள் இவ்வரையறையை இயற்கை நியதி போலக் கொண்டு எழுதப்பட்டன.

நினைவகப் பொருத்தமின்மை எனின், நினைவகம் போதாமை என்றே பலரும் கருதுவர். மிகுதியும் பொருத்தமின்மைக்குக் காரணமாதல் உண்டு. 8086இல் முகவரி எல்லையைக் கடந்தால் எண்ணிக்கை மீண்டும் சுழியத்திற்கே திரும்பும். சில நிரல்கள் இத்திரும்பலை நம்பியே இயங்கின. 1982இல் வந்த 80286 செயலியோ 24 பிட் முகவரியுடையது. எல்லைக்கு அப்பாலும் உண்மையான நினைவகத்தைக் கண்டது. திரும்பவேண்டிய முகவரி திரும்பாமையின் அந்நிரல்கள் பிழைபடும் நிலை உண்டாயிற்று. அதனைத் தவிர்த்தற்கு, 1984இல் வந்த ஏ.டி. கணிப்பொறியில், ஏ-20 எனப்படும் இருபத்தோராம் முகவரிக் கம்பியை அடைக்கவும் திறக்கவும் வல்ல வாயிலொன்றை வன்பொருளிலேயே அமைத்தனர். பழைய நிரலின் தவறான நம்பிக்கையொன்றைக் காத்தற்குப் புதிய பொறி வளைந்து கொடுத்தது என்க.

1985இல் வந்த 80386 செயலி இதனினும் சிறந்த வழியைக் காட்டிற்று. அதன் மெய்நிகர் 8086 முறைமையில், ஒவ்வொரு டாஸ் நிரலும் தனக்கென ஒரு மெகாபைட் உலகம் பெற்றது. அவ்வுலகின் பக்கங்கள் உண்மை நினைவகத்தின் எப்பகுதியிலும் இருக்கலாம். முகவரி திரும்புதலையும் பக்க அட்டவணையாலேயே போலச் செய்து காட்டலாம். 1987இல் வந்த விண்டோஸ்/386 இதனைக் கொண்டே பல டாஸ் நிரல்களை ஒருங்கே இயக்கிற்று.

எனினும் இவ்வசதி நிலைக்கவில்லை. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் அறிமுகப்படுத்திய 64 பிட் செயலிகளின் நெடுமுறைமையில் மெய்நிகர் 8086 முறைமை இடம்பெறவில்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைக் கைவிட்டது. செயலி கைவிட்ட பணியை மெய்நிகர்ப் பொறி மேற்கொண்டது. 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் மேசைக் கணிப்பொறிகளுக்கு மெய்நிகர்ப் பொறியைக் கொணர்ந்திருந்தது. 2009இல் மைக்ரோசாப்டே, விண்டோஸ் 7-இன் சில பதிப்புகளுக்கு, எக்ஸ்பி முறைமையைத் தன்னகத்தே கொண்ட மெய்நிகர்ப் பொறியை வழங்கிற்று. மிகுதியால் வரும் குறைக்கும் இதுவே மருந்தாயிற்று: 512 மெகாபைட்டினும் மிக்க நினைவகத்தில் இடர்ப்படும் விண்டோஸ் 98-க்கு, மெய்நிகர்ப் பொறியில் 128 மெகாபைட் மட்டுமே அளந்து கொடுத்தல் எளிது.

இம்முறைக்கு வரம்புகளும் உள. செயலியின் மரபே வேறாயின், கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தியக்கும் போன்மிப் பொறி வேண்டப்படும். மேலும், மெய்நிகர்ப் பொறி பழைய நிரலோடு அதன் பாதுகாப்புக் குறைகளையும் காத்துவைக்கும். ஆதலின் அதனை வலையிணைப்பினின்றும் விலக்கி வைத்தலே நன்று.

தமிழாராய்ச்சியாளர்க்கு இது புறம்பான செய்தியன்று. 1991இல் யுனிகோடு முதற்பதிப்பில் தமிழ் இடம்பெறுதற்கு முன்னும், அதன்பின் பல ஆண்டுகளும், வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் தமிழை எழுதின. அவ்வாறு எழுதப்பட்ட கோப்புகளை, அவற்றை ஆக்கிய மென்பொருளின்றிப் பிழையறப் படித்தல் அரிது. கோப்பை மட்டும் காத்து மென்பொருளைக் கைவிடுதல், ஏட்டைக் காத்து எழுத்தறிவைக் கைவிடுதல் போலாம். பழைய ஆக்கத்தைச் சிதையாமல் வைத்து, அஃது எதிர்பார்த்த சூழலை மீண்டும் அமைத்துக் கொடுத்தலே முதற்கண் செய்யத்தக்கது. திருத்தம் அதன் பின்னரே வரற்பாலது. இதுவே இவ்வரலாற்றால் யாம் துணியும் முடிபு.