எண்ணச் சுழற்சி நோய்: குத்தாலம் வட்டாரத்தில் சிகிச்சை

எண்ணச் சுழற்சி நோய் என்பது, வேண்டாத எண்ணம் ஒன்று ஓயாமல் மனத்தில் திரும்பி வருவதும், அது கிளப்பும் பதற்றத்தை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்வதுமான மனநோய். மருத்துவமனை வழக்கில் ‘ஓசிடி’. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்த இந்தியர்களில் 1,000 பேருக்கு ஏறக்குறைய 8 பேரிடம் இது இருப்பதாகக் கணக்கிட்டது. பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்குவதே அதிகம்.

குத்தாலம், மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள பேரூர். (தென்காசிப் பக்கத்துக் குற்றாலம் வேறு.) பழைய பெயர் திருத்துருத்தி. இங்குள்ள தீர்த்தத்தில் மூழ்கி எழுந்ததும் சுந்தரரின் உடற்பிணி நீங்கியது என்பது தலவரலாறு. குளித்துப் பிணி தீர்ந்த ஊரில், குளித்துக் குளித்தே தீராத ஒன்றைப் பிணி என்று ஒப்புக்கொள்ள வைப்பதுதான் சிகிச்சையின் முதல் கஷ்டம்.

அடையாளம்

காலை ஐந்து மணிக்குக் கொல்லைக் குழாயடிக்குப் போன பெண் எட்டு மணிக்கும் அதே குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால், “அது ரொம்ப மடி பார்க்கும்” என்பார்கள் வீட்டார். கேட்கப் பாராட்டு போலவே இருக்கும். ஆனால் மடி பார்ப்பவருக்குக் காரியம் முடிந்தால் நிம்மதி. நோயாளிக்கு முடிந்தது என்ற உணர்வே வராது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனாலோ, வேலையும் படிப்பும் கெட்டாலோ மருத்துவர்கள் நோயாகக் கொள்கிறார்கள்.

விரலிடுக்கு வெளுத்து வெடித்து, நடவு நாளின் சேற்றுப்புண் மாதிரி ஆன பிறகு தோல் டாக்டரிடம் போகிறவர்கள் உண்டு. “ஒரு சோப்பு எத்தனை நாளைக்கு வருது?” என்று அவர் கேட்டுவிட்டால் நல்லகாலம்.

எல்லாருக்கும் கழுவல் அல்ல. சிலிண்டரை மூடினோமா, மோட்டாரை நிறுத்தினோமா என்று பத்து முறை எழுந்து போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. பூச்சிமருந்து தொட்ட கை பிள்ளையைக் கொன்றுவிடுமோ என்று நடுங்குவோர் உண்டு. சிலருக்குக் கருவறை முன் நிற்கையில் சாமியைப் பற்றி ஆபாசமான வார்த்தை மனத்தில் வரும். பாவம் செய்துவிட்டதாக நினைத்து யாரிடமும் வாய் திறக்காமல் வருடக்கணக்கில் தவிப்பவர்கள் இவர்களே. அந்த எண்ணம் அவர்கள் விரும்பி வருவதல்ல. அதைக் கண்டு அவர்கள் அருவருப்பதே நோயின் அடையாளம்.

போகவேண்டிய இடங்கள்

அருகில் இருப்பது ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் உள்ள மயிலாடுதுறை அரசு பெரியார் மருத்துவமனை. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. மாவட்டம்தோறும் மனநலச் சேவை என்ற திட்டம் நாட்டில் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சியில். மயிலாடுதுறையைவிடப் பெரிய இடம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, ரயிலிலேயே போய்விடலாம். பிடிகொடுக்காத நோய்க்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இலவசத் தொலைபேசி ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மருந்து

ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவை முதலில் தரப்படுபவை. குளோமிப்ரமின் இவற்றுக்கும் மூத்தது. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவு பெரும்பாலும் தேவைப்படும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே “மருந்து கேக்கல” என்று விட்டுவிடுவதால் தோற்கும் சிகிச்சைகள் ஏராளம். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் குணம் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வருடம் தொடரவேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்கவேண்டும்.

பழக்கச் சிகிச்சை

1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்து வளர்ந்தது பழக்கச் சிகிச்சை. பயப்படும் பொருளை வேண்டுமென்றே தொடவேண்டும்; தொட்டபின் கழுவக் கூடாது. பதற்றத்துக்கு நோயாளியே 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு படிவரிசை தயாரிப்பார். டவுன் பஸ் கம்பி 30, வாசலில் கிடக்கும் செருப்பு 50, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 90 என்று வைத்துக்கொள்வோம். கம்பியைப் பிடித்த கையை மடியில் வைத்து உட்காருவார். முதல் கால் மணி நேரம் உயிர் போகும். கழுவாமல் இருந்தால் பதற்றம் தானாகவே இறங்கும். மறுநாள் அதே கம்பி 20 ஆகியிருக்கும். இதில் தேர்ந்தவர்கள் சிறு ஊர்களில் அரிது என்பதால் நடைமுறையில் மாத்திரை மட்டுமே கிடைக்கிறது. இந்த வட்டாரத்தின் உண்மையான குறை இதுதான்.

வீட்டாருக்கும் இதில் பாடம் உண்டு. “என்னங்க, சிலிண்டரை மூடிட்டேன்ல?” என்று மனைவி கேட்க, “மூடிட்டே, படு” என்று கணவர் ஐந்தாம் முறையும் சொல்வது அன்பினால்தான். நோய்க்குத் தீனியும் அதுவே. “இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல” என்று சொல்லப் பழகுகிறார்கள். ஒரேநாளில் அல்ல, பேசிவைத்துக்கொண்டு படிப்படியாக.

கோயிலும் செலவும்

குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் உள்ள திருவிடைமருதூர், மனக்கலக்கத்துக்குப் பரிகாரத் தலம். கிழக்கு வாசலில் பிரம்மஹத்தி காத்திருப்பதாக நம்பி, நுழைந்த வழியே திரும்பாமல் வேறு வாசலில் வெளியேறுவது வழக்கம். போவதில் தவறில்லை. ஆனால் சுற்றியது பதினொன்றா பத்தா என்ற சந்தேகம் வந்துவிட்டால், பிரகாரம் சுற்றுவதே இந்த நோயாளிக்குப் புதிய கழுவலாகிவிடும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. நோய் முற்றி வேலை செய்ய முடியாதவர்கள் ஊனச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கான ‘ஐடியாஸ்’ அளவுகோலில் எண்ணச் சுழற்சி நோயும் இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி.