பெட்ரோல், மின்சாரம், செம்பனை டீசல்: சக்கரம்வரை சேரும் ஆற்றல் எவ்வளவு?

ஒரு வாகனம் சிக்கனமானதா என்பதைத் தொட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எரிபொருள் உருவாகும் இடத்திலிருந்து சக்கரம் சுழலும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் விரயமாகிறது. மின் கட்டண ரசீதில் வரும் யூனிட் (கிலோவாட் மணி) கணக்கிலேயே அதைப் பார்ப்போம்.

பெட்ரோல்

1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் உண்டு. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பிடிக்கும் காருக்கு 63 யூனிட் தேவை. அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால், மொத்தம் சுமார் 75 யூனிட்.

மின்சாரம்

அதே தூரத்துக்கு மின்சாரக் கார் மின்னேற்ற இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 18 யூனிட் எடுக்கும். ஆனால், தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்தே வருகிறது. மின் நிலையத்திலும் கம்பியிலும் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டால், எரிவாயு நிலையத்தில் சுமார் 40 யூனிட், நிலக்கரி நிலையத்தில் சுமார் 50 யூனிட் எரிபொருள் எரிய வேண்டும். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவே. பிரேக் பிடிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி மின்கலத்துக்குத் திரும்புவதால், நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் இலாபம் இன்னும் அதிகம்.

செம்பனை டீசல்

‘பி10’ என்பது 10 விழுக்காடு செம்பனை டீசல் கலந்த எரிபொருள். போக்குவரத்துத் துறையில் 2019 முதல் நடப்பில் உள்ளது. செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே கொதிகலனை இயக்குவதால், வெளியிலிருந்து வாங்கும் ஆற்றல் குறைவு. ஆனால், உரத்துக்கும், எண்ணெயை டீசலாக மாற்றத் தேவைப்படும் மெத்தனாலுக்கும் ஆற்றல் செலவாகிறது. லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலும் சாதாரண டீசலைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. பி10 கலவையில் இந்த வேறுபாடு 1 விழுக்காட்டைத் தாண்டாது, ஓட்டுநருக்குத் தெரியாது.

யாருக்குப் பயன்?

2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தபோது, இயந்திரத்தில் வீணாகும் ஒவ்வொரு துளிக்கும் விலை ஏறியது. மின்சாரக் காரின் சிக்கனமோ வீட்டு வாசலில் மின்னேற்றம் செய்ய வசதி உள்ளவர்களுக்கே முதலில் கிடைக்கிறது. அடுக்குமாடியிலும் தோட்டக் குடியிருப்பிலும் வாழ்வோருக்கு அந்த வசதி வந்து சேரும்வரை, இந்தக் கணக்கு தாளில் மட்டுமே இலாபம் காட்டும்.