ஈரப்பலாவின் கடற்பயணம்

ஈரப்பலா என்பது மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெப்பமண்டல மரம். இதன் அறிவியல் பெயர் ஆர்ட்டோகார்பசு ஆல்டிலிசு. பலா, ஆல், அத்தி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் ஈரப்பலா என்றும், தமிழ்நாட்டில் சீமைப்பலா, கறிப்பலா என்றும் வழங்கப்படுகிறது. இதன் காய் மாவுச்சத்து மிக்கது. சுட்ட காயின் சதை ரொட்டியை ஒத்திருப்பதால், ஐரோப்பியர் இதற்கு 'ரொட்டிப்பழம்' என்று பொருள்படும் பெயரை வைத்தனர்.

தோற்றமும் பரவலும்

ஈரப்பலாவின் மூதாதையான காட்டு இனம் நியூ கினியாவில் வளர்கிறது. அதன் காயில் விதைகள் நிறைந்திருக்கும். பசிபிக் தீவுகளில் குடியேறிய மக்கள் இம்மரத்தைத் தோணிகளில் கொண்டு சென்று, விதை குறைந்த மரங்களையே தேர்ந்தெடுத்து வளர்த்தனர். இவ்வாறு விதையற்ற வகைகள் உருவாயின. இவற்றைப் பெரும்பாலும் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பிரித்து நட்டே பெருக்கினர். மனிதர் உயிருள்ள கன்றாகச் சுமந்து சென்றாலன்றி இம்மரம் கடல் தாண்டாது.

அடிமைகளின் பட்டினி

கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தனர். அவர்களுக்கான உணவின் ஒரு பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வணிகம் தடைப்பட்டது. புயல்களும் அடுத்தடுத்துத் தாக்கின. 1780 முதல் 1787 வரை ஜமைக்காவில் ஏறத்தாழ 15,000 அடிமைகள் பட்டினியாலும் அதனால் வந்த நோய்களாலும் இறந்ததாக அத்தீவின் சட்டமன்றக் குழு மதிப்பிட்டது. செலவு குறைந்த உணவைத் தேடிய தோட்ட முதலாளிகள் ஈரப்பலாவைக் கேட்டனர். 1769இல் தாகித்தியில் இம்மரத்தைக் கண்டிருந்த தாவரவியலாளர் சோசப்பு பேங்க்சு அதற்குத் துணைநின்றார்.

பவுண்ட்டி கப்பல்

1787 திசம்பரில் வில்லியம் பிளை தலைமையில் பவுண்ட்டி என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதன் பெரிய அறை கன்றுகளுக்கான தொட்டிகள் வைக்கும் இடமாக மாற்றப்பட்டிருந்தது. கன்றுகளைச் சேகரித்து வேரூன்றச் செய்யவும், பருவகாலம் மாறவும் காத்திருந்த மாலுமிகள் தாகித்தியில் ஐந்து மாதங்களுக்கு மேல் தங்கினர். தீவு வாழ்க்கைக்குப் பழகிய பலருக்குப் பிளையின் கடுமை வெறுப்பூட்டியது. 1789 ஏப்ரல் 28 அன்று பிளெட்சர் கிறித்தியன் தலைமையில் கலகம் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் கடலில் வீசப்பட்டன. பிளையும் அவருடன் 18 பேரும் ஒரு சிறு படகில் இறக்கிவிடப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ 3,600 கடல் மைல் பயணம் செய்து தீமோர் தீவை அடைந்தனர்.

இரண்டாம் பயணம்

1791இல் பிராவிடன்சு, அசிசிட்டன்ட் என்னும் இரு கப்பல்களுடன் பிளை மீண்டும் சென்றார். இம்முறை 2,000க்கும் மேற்பட்ட கன்றுகள் ஏற்றப்பட்டன. உப்புநீர் பட்டால் கருகும் கன்றுகளுக்கு நன்னீரே ஊற்ற வேண்டியிருந்தது. அதற்காக மாலுமிகளின் குடிநீர் குறைக்கப்பட்டது. வழியில் பல கன்றுகள் பட்டுப்போயின. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி 1793 சனவரியில் செயின்ட் வின்சென்ட்டிலும், மற்றொரு பகுதி பிப்ரவரியில் ஜமைக்காவிலும் இறக்கப்பட்டது.

மக்களின் உணவாதல்

மரங்கள் செழித்துக் காய்த்தன. ஆனால் யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்கள் அதை விரும்பவில்லை. வாழைக்காயையும் வள்ளிக்கிழங்கு வகைகளையுமே அவர்கள் நாடினர். ஈரப்பலா பெரும்பாலும் பன்றிகளுக்குத் தீவனமாயிற்று. 1838இல் முழு விடுதலை கிடைத்தபின், தம் சொந்தக் குடியிருப்புகளை அமைத்த மக்களின் வீட்டுத் தோட்டங்களில் இம்மரம் மெல்ல இடம்பிடித்தது. முதலாளிகள் மலிவான தீனியாகக் கருதியதை, விடுதலை பெற்றோர் தம் விருப்ப உணவாக்கிக்கொண்டனர்.

இன்று சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் செயின்ட் வின்சென்ட்டின் தேசிய உணவாகும். 1765இல் நிறுவப்பட்ட அத்தீவின் தாவரவியல் பூங்காவில், பிளை கொண்டுவந்த கன்றின் வழிவந்ததாகக் கூறப்படும் மரம் ஒன்று பார்வையாளர்களுக்குக் காட்டப்படுகிறது.