பத்துமலை ஏறி முடித்த பிறகும் தசை வேலை செய்கிறதா? ஊசியின்றி அளப்பது எப்படி?

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி, மேலே நின்றுவிட்டீர்கள். கால் நின்றாச்சு; ஆனால் மூச்சு மட்டும் இன்னும் வாங்குது. ஏன்?

ஏறும்போது தசை தன் அவசரக் கையிருப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டைச் செலவழிக்கிறது. அதைத் திரும்ப நிரப்ப, நீங்கள் நின்ற பிறகும் தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். இந்த வேலையைச் செய்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அவை திறனோடு இருந்தால், தசை சீக்கிரமே இயல்புக்குத் திரும்பும்.

எப்படி அளக்கிறார்கள்?

தொடையில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி, அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியை உள்ளே செலுத்துவார்கள். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் இந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். உயிருள்ள உடலில் இப்படி அளக்க முடியும் என்று 1977இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ்.

ஆனால் ஒரு சிக்கல். குழாய் திறந்திருக்கும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் செலவாகுதுன்னு எப்படிச் சொல்வது? குழாயை மூட வேண்டும், இல்லையா? இங்கேயும் அதே வழிதான். ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற பட்டையைத் தொடையில் கட்டி, சில விநாடிகள் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். அப்போது ஆக்சிஜன் குறையும் வேகமே தசையின் பயன்பாடு. உடற்பயிற்சி முடிந்ததும் இதைப் பலமுறை செய்தால், மீட்சியின் வேகம் தெரியும்.

நமக்கு ஏன் முக்கியம்?

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. டைப் 2 நீரிழிவு உள்ளவர்களின் தசை மெதுவாக மீள்வதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

அளவு எப்போதும் சரியாக இருக்குமா?

இல்லை. தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாக இருந்தால், ஒளி தசையைச் சரியாகச் சென்றடையாது. கருமையான தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் ஒளியை நம்பும் கருவிதான். அது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக ஆக்சிஜன் குறைவைத் தவறவிட்டதாக 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால், இந்தக் கருவிகள் நம் தோல் நிறத்திலும் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

உங்கள் கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் எண், தசையின் பயன்பாடு அல்ல. பட்டை கட்டும் சோதனையை வீட்டில் முயலவும் வேண்டாம். ஆனால் தொடர்ந்து நடந்தால், படி ஏறினால், மைட்டோகாண்ட்ரியாவின் திறன் கூடும். விட்டுவிட்டால் குறையும்.