விளையாட்டுக் கட்டைகளும் விண்ணூர்திகளும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைத் தீவின் கிராமங்களுள் ஒன்றாகிய நாரந்தனை பனையும் கடற்காற்றும் சூழ்ந்த ஊராகும். பனையோலையை மடித்துக் காற்றாடி செய்தலும் வாடைக்காற்றில் பட்டம் ஏற்றுதலும் இத்தகைய ஊர்ச் சிறுவர் பழகிய கலைகளாம். இவற்றை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் பெரியோர் வழக்கம். விளையாட்டுக் கட்டைகளைப் பொருத்தி, வழக்கத்துக்கு மாறான விமானங்களின் மாதிரியுருக்களை ஆக்கும் வளர்ந்தோர் பொழுதுபோக்கும் அவ்வாறே இகழப்படுகின்றது. ஆயின், வானூர்தியின் வரலாறு அவ்விகழ்ச்சிக்கு இடந்தரவில்லை.

1871ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பூங்காவொன்றில், அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய இரப்பர் நாடாவினால் இயங்கும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகள் வானில் நிலைத்தது. மனிதரைச் சுமக்கும் பெரு விமானமொன்றையும் அவர் 1876இல் வரைந்தார். பொருளுதவி செய்வாரைக் காணாது மனமுடைந்து, 1880இல் தமது 30ஆம் வயதில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த பறக்கும் பொம்மையொன்றையே 1878இல் அமெரிக்கத் தந்தை ஒருவர் தம் மைந்தர் இருவருக்கு வாங்கிச் சென்றார். அம்மைந்தரே ரைற் சகோதரர். பொம்மையைப் பெரிதாக்கிச் செய்தபொழுது அது பறக்க மறுத்தது. அளவு மாறினால் இயல்பும் மாறும் என்னும் உண்மையின் முதற்பாடம் அதுவே. 1903 டிசம்பர் 17இல் அவர்தம் விமானம் முதன்முறை 12 விநாடிகள் பறந்தது.

கட்டைகளின் கதை டென்மார்க்கிற் பிறந்தது. பில்லுண்ட் என்னும் சிற்றூரின் தச்சராகிய ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன், பொருளாதார மந்தத்தினால் தொழில் நலிய, 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தலைப்பட்டார். இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் ஆக்கிய கட்டையைத் தழுவி அவரது லெகோ நிறுவனம் 1949இல் பிளாஸ்ரிக் கட்டைகளை வெளியிட்டது. உட்புறக் குழாய்களால் இறுகப் பற்றும் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வகையாகப் பொருத்தலாம் எனக் கணிதவியலார் கணித்துள்ளனர்.

எனினும், இக்கட்டை நேர்கோட்டுக்கும் செங்கோணத்துக்கும் உரியது, விமானமோ வளைவுக்குரியது. இம்முரண்பாடே அப்பொழுதுபோக்கின் சுவையாகும். நீண்ட இறகை உடலோடு பொருத்தினால், பாரந்தாங்காது இறகின் அடியிலேயே கட்டைகள் கழன்று விழும். உடலும் வாலுமின்றி இறகே விமானமாக அமைந்த ஜாக் நோர்த்ரொப்பின் வடிவத்தை ஆக்க முனைவோர், பாரம் இறகு முழுவதும் பரவுதலை நூலிற் படிக்கு முன்னரே கையால் அறிந்துகொள்வர்.

நோர்த்ரொப்பின் அத்தகைய தாரை விமானம் 1947இல் பறந்தது. 1948இல் ஒன்று வீழ்ந்து ஐவர் மாண்டனர். பின்னர் அத்திட்டமே கைவிடப்பட்டது. பலர் அவ்வடிவத்தை விந்தையென்றே மறந்தனர். 1980இல் முதுமையும் நோயும் வாட்டிய நோர்த்ரொப்பின் கையில், அரசு இரகசியமாக ஆக்கத் தொடங்கியிருந்த புதிய விமானமொன்றின் சிறு மாதிரியுரு வைக்கப்பட்டது. அது அவர் கனவு கண்ட அதே வாலில்லா வடிவம். மறு ஆண்டு அவர் மறைந்தார். 1989இல் அவ்விமானம் வானேறியது. அதன் இறகின் அகலம் பழைய விமானத்தினதைப் போன்றே 172 அடி.

ஒரு காலத்தின் விந்தை மறு காலத்தின் வழக்கமாதலை வரலாறு இவ்வாறு காட்டுகின்றது. கைவிடப்பட்ட வடிவங்களைக் கட்டைகளால் மீளவும் எழுப்புவோர், தோல்வியுற்ற சிந்தனைகளையும் அழியாது காக்கின்றனர். பெனோவின் பொம்மையை இகழாது வாங்கிச் சென்ற தந்தையை எண்ணுங்கால், நாரந்தனைச் சிறுவனின் ஓலைக் காற்றாடியும் இகழத்தக்கதன்று என்பது தெளிவாகும்.