ஓடுதள நீர்வழுக்கல்

மழைநீர் தேங்கிய ஓடுதளத்தில் இறங்கும் விமானத்தின் டயர், தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேல் மிதந்து ஓடுவது நீர்வழுக்கல் எனப்படும். அந்நிலையில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை, திசைதிருப்புவதும் கடினம்.

மெதுவாக இறங்கிய பழைய விமானங்களில் இச்சிக்கல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஜெட் விமானங்களின் வேகம்தான் இதை வெளிக்கொணர்ந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மாக்ஸரெட் கருவியை 1950களில் டன்லப் நிறுவனம் கொண்டுவந்தது. ஆனால் டயருக்கு அடியில் நீர் புகுந்துவிட்டால் அக்கருவிக்கும் பிடிமானம் கிடைக்காது.

நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்ன் குழுவினர் 1960களில் ஓர் எளிய கணக்கை முன்வைத்தனர். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற டயரழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், வழுக்கல் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். அழுத்தம் 200 பவுண்டு என்றால் ஏறத்தாழ 127 கடல் மைல், அதாவது 235 கி.மீ. பயணிகள் ஜெட் விமானங்கள் பல, இறங்கும்போது இதைவிட வேகமாகவே தரையைத் தொடுகின்றன. இக்கணக்கில் விமானத்தின் எடைக்கு நேரடி இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. கனமான விமானம் நீரை மிதித்து அமுக்கிவிடும் என்று நம்ப முடியாது.

தீர்வு ஓடுதளத்திலேயே கிடைத்தது. குறுக்குவாட்டில் மெல்லிய பள்ளக்கோடுகள் வெட்டினால் டயர் நசுக்கும் நீர் அவற்றில் இறங்கி விலகும். பிரிட்டன் 1950களில் இதைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1967இல் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையம் பின்பற்றியது. இன்றைய அமெரிக்க அளவுப்படி கோட்டின் அகலமும் ஆழமும் சுமார் 6 மி.மீ., இடைவெளி 38 மி.மீ. டயர் ரப்பர் படிந்து கோடுகள் அடைபடுவதால் அவ்வப்போது சுரண்டி எடுக்கவும் வேண்டும்.

சாவோ பாவ்லோவின் கொங்கோன்யாஸ் ஓடுதளம் 2007இல் புதுப்பிக்கப்பட்டபின், கோடுகள் வெட்டப்படுமுன்பே திறக்கப்பட்டது. ஜூலை 17 அன்று மழையில் இறங்கிய டாம் நிறுவன ஏர்பஸ் ஓடுதளத்தைத் தாண்டிக் கட்டடத்தில் மோதியதில் 199 பேர் இறந்தனர். எனினும் பழியை நீரின்மேல் மட்டும் போட இயலாது: ஓர் எஞ்சினின் விசைப்பிடி பின்னிழுக்கப்படாததால் இறக்கைத் தடுப்புத் தகடுகள் எழவில்லை.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்ததும் இவ்வகையே. முதல் முயற்சியைக் கைவிட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, மறுதிசையில், பின்காற்றோடு, மழையில் இறங்கியது. தரையைத் தொட்டபோது ஓடுதளத்தில் பாதி கழிந்துவிட்டது. மேசைபோன்ற மேட்டின்மேல் அமைந்த அந்த ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டி விமானம் விழுந்து உடைந்ததில் இரு விமானிகள் உட்பட 21 பேர் மாண்டனர். மீண்டும் மேலெழும்படி துணை விமானி சொல்லியும் தரையிறக்கம் தொடர்ந்ததையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொன்னது.

ஓடுதளத்தின் நிலையை 0 முதல் 6 வரையிலான எண்ணால் விமானிக்கு அறிவிக்கும் பொதுமுறையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2021 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. ஓடுதளத்தின் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி எண். உலர்ந்தது 6, ஈரம் 5, நீர் 3 மி.மீ.க்கு மேல் தேங்கினால் 2.